பதிவு இல்லாத இடத்தில் சந்தேகம் யார் மேல் விழும்?

“பன்னெண்டாம் தேதியா, பதினாலாம் தேதியாம்மா? உங்க ஆளுங்க குடுத்த பட்டியல்லயே பதினாலுன்னுதானே இருக்கு?”

சாட்சிக் கூண்டில் நின்ற அக்காவைப் பார்த்து எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்வி இது. அவர் கையில் இருந்தது நாங்கள் தயாரித்த பட்டியல். முதுகுளத்தூர் வட்டாரத்து வன்கொடுமைகளைத் தொகுத்து, மனுவோடு இணைத்து, அதிகாரிகளுக்கு நாங்களே கொடுத்தது. கம்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்காவைச் சாதி சொல்லித் திட்டி அடித்தது 12-ஆம் தேதி. எஃப்.ஐ.ஆரில் 12. மருத்துவமனை ஏட்டில் 12. எங்கள் பட்டியலில் மட்டும் 14. அக்கா ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “எனக்குத் தேதி தெரியாதுய்யா. செவ்வாக்கெழம, பொழுது சாயுற நேரம்.”

அந்த ஒரு தேதியால் வழக்கு உடைந்துவிடவில்லை. எஃப்.ஐ.ஆரும் மருத்துவமனை ஏடும் தாங்கிப் பிடித்தன. ஆனால் அடித்தவர்கள் தரப்பில் இருந்து வந்திருக்க வேண்டிய பொய், நம்முடைய கணினியில் இருந்து வந்தது. அன்று மாலை பேருந்தில் அக்கா எங்களோடு பேசவில்லை.

தோழர்களே, இது டேட்டாபேஸ் பற்றிய கட்டுரை. ‘கணினி சமாச்சாரம், நமக்கெதுக்கு’ என்று நகர்ந்துவிடாதீர்கள். கணினி படிக்கும் மாணவர்கள்தான் இன்று பல அமைப்புகளுக்கு இலவசமாக செயலி எழுதித் தருகிறீர்கள். அந்தச் செயலியில் ஒரு சின்ன விஷயத்தை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதை, நாங்கள் செய்த அசிங்கத்தை வைத்தே சொல்கிறோம்.

முதலில் எங்களிடம் இருந்தது லாங்சைஸ் நோட்டு. தேதி, ஊர், பாதிக்கப்பட்டவர், சம்பவம், எஃப்.ஐ.ஆர் எண், சட்டப்பிரிவு, நிவாரணத் தொகையின் முதல் தவணை வந்ததா, இரண்டாவது வந்ததா என்று கோடு போட்டு எழுதுவோம். தப்பாக எழுதினால் அடித்துவிட்டு மேலே எழுதுவோம். அடித்ததும் தெரியும், எழுதியவரின் கையெழுத்தும் தெரியும். பிறகு எக்செல் வந்தது. பிறகு ஒரு கல்லூரித் தோழர் மைஎஸ்கியூஎல் வைத்து ஒரு வலைச்செயலி செய்து கொடுத்தார். தேடலாம், வடிகட்டலாம், அறிக்கை எடுக்கலாம். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. உள்நுழைய ஒரே ஒரு பயனர் பெயர், ‘அட்மின்’. கடவுச்சொல்லைப் பீரோக் கதவில் ஒட்டி வைத்திருந்தோம். ஏழு பேரும் அதில்தான் நுழைவோம்.

12 எப்படி 14 ஆனது? செயலியிடம் கேட்டால் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இப்போது அந்தக் கட்டத்தில் 14 இருக்கிறது என்பது மட்டும்தான். நேற்று என்ன இருந்தது, யார் மாற்றினார்கள், எப்போது, ஏன், எதுவுமே கிடையாது.

கணினி பதில் சொல்லாத அந்த இடத்தில் நாங்கள் பதில் கண்டுபிடித்தோம். தரவு உள்ளிடும் வேலையைச் செய்துகொண்டிருந்த தம்பிதான் காரணம் என்று முடிவு செய்தோம். யாரும் உரக்கச் சொல்லவில்லை. “கவனக்குறைவா இருந்திருப்பான்” என்று ஒருவர் ஆரம்பித்தார். “அடிச்சவங்க ஊர்க்காரன் ஒருத்தன்கூட டீக்கடையில நின்னத பாத்தேன்” என்று இன்னொருவர். “காசு எதுவும்...” என்று மூன்றாமவர் இழுத்தார். மூன்று மாதம் இப்படியே போனது. தம்பி ஒரு நாள் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

இதை மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் குழுவில் பெரும்பாலோர் தேவேந்திரர். சிலர் பறையர். அந்தத் தம்பி ஒருவர்தான் அருந்ததியர். சமூகவியல் முதுகலை வகுப்பில் அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். மேலே ஏறுகிற வெறுப்பும் கீழே இறங்குகிற அவமதிப்பும் ஒரே ஏணியில்தான் நடக்கின்றன என்று மேடையில் பேசுகிறவர்கள் நாங்கள். யார் செய்தது என்று தெரியாத ஒரு பிழை வந்ததும் எங்கள் சந்தேகம் அந்த ஏணியில்தான் இறங்கியது. கடைசிப் படிவரை இறங்கித்தான் நின்றது.

உண்மை தெரிந்தது தற்செயலாக. வேறொரு வேலைக்காகப் பழைய பென்டிரைவைத் தேடியபோது, அதில் டேட்டாபேஸின் இரண்டு பழைய நகல்கள் கிடைத்தன. முதல் நகலில் அக்காவின் வழக்குத் தேதி 12. அடுத்த நகலில் 14. இரண்டுக்கும் நடுவே நடந்தது ஒரே ஒரு வேலை. எங்களில் மூத்தவர் ஒருவர் பட்டியலை எக்செல்லில் இறக்கி, தேதிவாரியாக அடுக்கி, மொத்தமாக மறுபடி ஏற்றியிருக்கிறார். அடுக்கும்போது தேதி இருந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டார். பக்கத்து நெடுவரிசைகள் அசையவில்லை. தேதிகள் மட்டும் இடம் மாறி, ஒருவருடைய அடி இன்னொருவருடைய நாளில் போய் உட்கார்ந்துவிட்டது. எண்ணிப் பார்த்தோம். ஒன்றல்ல, முப்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் தேதி தவறு. அக்காவுடையது மட்டும் நீதிமன்றம் போனதால் வெளியே தெரிந்தது.

அந்த மூத்தவர் ‘நாங்கள்’ என்று இந்தக் கட்டுரையில் பேசுகிறவர்களில் ஒருவர்தான்.

தம்பி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். டீ போட்டுக் கொடுத்தார். முழுவதும் கேட்டார். ஒன்றே ஒன்று கேட்டார்: “மூணு மாசமா நீங்க என்னப் பத்தி என்னென்ன பேசுனீங்கன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களாண்ணே?” இப்போது திருப்பூரில் இருக்கிறார்.

இதற்குப் பிறகுதான் ஆடிட் டிரெயில், தணிக்கைத் தடம், என்கிற சொல்லே எங்கள் கூட்டத்தில் வந்தது. உடனே எதிர்ப்பும் வந்தது. “தோழர்களை சந்தேகப்படுறதுக்கு ஒரு மெஷினா? யார் எப்ப வந்தான், எதைத் தொட்டான்னு கணக்கு எடுக்குறது முதலாளி பண்ற வேல.” கேட்க நன்றாக இருக்கிறது, புரட்சிகரமாகவும் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்வது பெரும்பாலும் யார் என்று கவனியுங்கள். யார் மேல் சந்தேகம் விழாதோ அவர்கள்தான் சொல்கிறார்கள். பதிவேடு இல்லாத இடத்தில் நம்பிக்கை இருப்பதாக நினைப்பது மேல்படியில் நிற்பவரின் சொகுசு. எங்கள் தம்பிக்கு அந்த மூன்று மாதங்களில் வேண்டியிருந்தது எங்கள் நம்பிக்கை அல்ல. அதை எப்படியும் நாங்கள் தரவில்லை. “இந்தத் தேதியை மாற்றியது இன்னார், இந்த நாள், இந்த மணிக்கு” என்று சொல்லும் ஒரு வரி இருந்திருந்தால், அவர் எங்களிடம் எதையுமே கெஞ்ச வேண்டியிருந்திருக்காது.

எங்கள் ஒருவர் கதையோடு இது முடிவதில்லை. பிரிட்டனில் அஞ்சலகங்களுக்காக ஃபுஜிட்சு நிறுவனம் கொடுத்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் பற்றிப் படித்துப் பாருங்கள். 1999 முதல் அது இயங்கியது. கணக்கில் பணம் குறைகிறது என்று கணினி சொன்னது. அந்தச் சொல்லை நம்பிப் பல ஆண்டுகளில் 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளிப் பெண்ணான சீமா மிஸ்ரா 2010 நவம்பரில் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார். அவர் மீதான தீர்ப்பு ரத்தாக 2021 ஏப்ரல் வரை ஆனது. ஃபுஜிட்சு ஊழியர்கள் தொலைவில் இருந்தே கிளைகளின் கணக்கில் நுழைந்து பதிவுகளைச் சேர்க்கவும் மாற்றவும் முடிந்தது என்று 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் தீர்ப்பெழுதினார். அந்த அஞ்சலகக்காரரே செய்தது போலத் தோன்றும்படியும் அதைச் செய்ய முடிந்தது. ‘நாங்கள் நுழையவே முடியாது’ என்று அஞ்சல் நிறுவனம் அதுவரை சாதித்துக்கொண்டிருந்தது.

ஹொரைசனில் தணிக்கைப் பதிவு இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் நிறுவனத்திடம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கைக்கு எளிதில் வரவில்லை. வருடத்துக்கு இத்தனை முறைதான் கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் வரம்பு இருந்தது, பல வழக்குகளில் அஞ்சல் நிறுவனம் அதைக் கேட்டு வாங்கவே இல்லை. இன்னொன்று. அந்த நிறுவனத்தின் விசாரணையாளர்களுக்கான ஒரு வழிகாட்டி ஆவணம், சந்தேகத்துக்குரியவர்களை இனவாதச் சொற்களால் வகைப்படுத்திக் குறிக்கச் சொன்னது. அங்குள்ள தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2023-ல் அது வெளியே வந்தது. கணினி வாய் மூடியதும் சந்தேகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அங்கேயும் பாருங்கள்.

இப்போது நம்மூருக்கு வருவோம். எங்கள் ஊரில் யார் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது என்பது என்றைக்கும் சாதாரணக் கேள்வி இல்லை. 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் நடந்த சமாதானக் கூட்டத்தில், எல்லாத் தலைவர்களும் ஒரே தாளில் கையெழுத்திடும் கூட்டறிக்கை என்ற யோசனை கைவிடப்பட்டுத் தனித்தனி அறிக்கைகளில் கையெழுத்து வாங்கப்பட்டது. சமமாக உட்கார்ந்து பேசிய தியாகி இமானுவேல் சேகரன் மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். பதிவு, கையெழுத்து, சமம், இவை மூன்றையும் பிரித்துப் பார்க்க இந்த மண்ணில் பிறந்தவர்களால் முடியாது.

பழைய கிராமக் கணக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ‘அ’ பதிவேட்டில் பெயர் மாறினால் பழைய பெயரைச் சிவப்பு மையில் அடித்து, மேலே புதுப் பெயரை எழுதி, உத்தரவு எண்ணைக் குறித்து, ஓரத்தில் அதிகாரி சுருக்கொப்பம் இடுவார். அடித்த கோட்டுக்குக் கீழே பழைய பெயர் படிக்கும்படியே கிடக்கும். அதுதான் நம் நாட்டு ஆடிட் டிரெயில். ஆங்கிலேயன் கொண்டுவந்தது, கர்ணம் எழுதியது, நம்மவர்களுக்கு எதிராகவே பலமுறை பயன்பட்டது. அதெல்லாம் உண்மை. ஆனால் பொய் சொன்னாலும் அதன் தழும்பு தாளில் தங்கியது.

செங்கல்பட்டில் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892 செப்டம்பர் 30 அரசாணையின் கீழ் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய நிலங்கள் பஞ்சமி நிலங்கள். அவற்றைப் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டும்தான் விற்கலாம். இந்த நிபந்தனை பதிவேட்டில் ஒரு குறிப்பாகத்தான் இருந்தது. 1979-ல் தொடங்கிய யு.டி.ஆர் திட்டத்தில் கணக்குகளைப் புதிதாக எழுதியபோது பல ஊர்களில் அந்தக் குறிப்பு புதிய ஏட்டுக்கு ஏறவே இல்லை. பிறகு கணினி வந்தது. கணினியில் ஏறியது யு.டி.ஆர் ஏடு. (நம் பக்கம் பெரும்பகுதி சேதுபதி ஜமீன். பஞ்சமி நிலம் வட மாவட்டங்களில்தான் அதிகம். நமக்கு வேறு நோய். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த வீட்டுமனைப் பட்டாக்கள் கிராமக் கணக்கில் ஏறாமல் பெட்டிக்குள் வெறும் காகிதமாகக் கிடப்பது.) இன்று இணையத்தில் சிட்டா எடுத்துப் பாருங்கள். இன்றைய பெயர் வரும். முந்தைய பெயர் என்ன, அதை மாற்றிய கை எது என்று அந்தத் தாளில் இருக்காது. தழும்பே இல்லாத தாள் அது.

நிலம் இல்லாதவர்களுக்கு வேலை அட்டை. நூறு நாள் வேலையில் 2022-23 நிதியாண்டில் மட்டும் நாடு முழுக்க 5 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர் பெயர்கள் நீக்கப்பட்டன என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தைய ஆண்டில் அது சுமார் ஒன்றரைக் கோடி. நீக்கத்துக்குக் காட்டும் காரணங்களில் ஒன்று, ‘வேலை செய்ய விருப்பமில்லை’. சித்திரை வெயிலில் கம்மாயில் மண் வெட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் பெயருக்கு எதிரே, வேலை செய்ய விருப்பமில்லை என்று ஒரு பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்துச் சொடுக்கிய விரல் யாருடையது? எந்த நாள், எந்த அலுவலகத்துக் கணினி? அவர் சொன்னதாக எந்தத் தாளில் கைரேகை இருக்கிறது? இதே திட்டத்தில் 2021 மார்ச்சில் கூலிப் பட்டியலை எஸ்.சி., எஸ்.டி., மற்றவர்கள் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது ஒன்றிய அரசு. ஒரே கம்மாயில் ஒரே நாள் வேலை செய்தவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதைக் கைவிட்டார்கள். நம் சாதியைக் குறித்துக்கொள்ள ஒரு கட்டம் போட ஒரு சுற்றறிக்கை போதுமாக இருந்தது. நீக்கியவர் பெயரை நமக்குக் காட்ட ஒரு கட்டம் போட மட்டும் தொழில்நுட்பம் போதவில்லையாம்.

போதாமல் இல்லை. கம்பெனிகளுக்கு அதைக் கட்டாயமே ஆக்கியிருக்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஆடிட் டிரெயில் பதியும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்த வசதியை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். அது ஆண்டு முழுக்க இயங்கியதா, யாரும் கைவைத்தார்களா என்று தணிக்கையாளர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். 2021-லேயே அறிவித்து, இரண்டு முறை தள்ளிப்போட்டு நடைமுறைக்கு வந்த விதி இது. மதுரையில் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி பத்து ரூபாய் பில்லைத் திருத்தினால் அதற்குத் தடம் உண்டு. கடலாடிப் பக்கத்தில் ஒரு பாட்டியின் வேலை அட்டை காணாமல் போனால் அவர் கேட்டுப் பார்க்கும் தடம் இல்லை. பங்குதாரரின் பணத்தை வரலாறு உள்ளதாகவும், கூலிக்காரியின் பெயரை வரலாறு இல்லாததாகவும் ஒரே அரசு நடத்துகிறது.

ஓர் அலுவலகத்தில் நாங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். ஒரு குடும்பத்தின் அட்டை எந்தப் பயனர் குறியீட்டில் இருந்து எந்த நேரத்தில் நீக்கப்பட்டது? ‘கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதைப் படித்துக் கோபத்தில் கொந்தளித்தோம். அப்புறம்தான் உறைத்தது. எங்கள் தம்பி கேட்டிருந்தால் நாங்களும் இதே வரியைத்தான் எழுதிக் கொடுத்திருப்போம்.

சரி, என்ன செய்தோம்? கணினி படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாக.

முதலில் ‘அட்மின்’ ஒழிந்தது. ஏழு பேருக்கு ஏழு கணக்கு. இதைச் செய்யாமல் எவ்வளவு நுட்பமான லாக் எழுதினாலும் அது ஏழு பேரையும் அட்மின் என்றுதான் பதியும். அது ஹொரைசனைவிட மோசம்.

அடுத்து, பலரும் செய்யும் குறுக்குவழி. அட்டவணையில் ‘கடைசியாகத் திருத்தியவர்’, ‘திருத்திய நேரம்’ என்று இரண்டு நெடுவரிசை சேர்த்துவிட்டு, ஆடிட் முடிந்தது என்பார்கள். முடியவில்லை. அது கடைசி ஆளை மட்டும் காட்டும். மூத்தவர் தேதியைக் கெடுத்த மறுநாள் தம்பி அதே வரியில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தால், திருத்தியவர் என்று தம்பியின் பெயர்தான் நிற்கும். கணினியே சாட்சி சொல்லி அவரைக் கழுவேற்றியிருக்கும். வரியை நீக்கினால் அந்த நெடுவரிசையும் சேர்ந்தே போய்விடும் என்பது தனி.

வேண்டியது தனி அட்டவணை. எந்த அட்டவணை, எந்த வரி, எந்தக் கட்டம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, செய்தது சேர்ப்பா திருத்தமா நீக்கமா, யார், எப்போது, ஏன். நேரம் சர்வரின் கடிகாரத்தில் இருந்து வர வேண்டும். பயன்படுத்துகிறவரின் மடிக்கணினியில் இருந்து எடுத்தால் அவர் விரும்பிய தேதியை வைத்துக்கொள்ளலாம். ‘ஏன்’ என்ற கட்டத்தை நாங்கள் கட்டாயமாக்கினோம். எல்லோரும் ஒரு வாரம் முனகினார்கள், ‘ச’ என்று ஒரு எழுத்து மட்டும் போட்டுத் தப்பித்தார்கள். இப்போது பத்து எழுத்துக்குக் குறைந்தால் ஏற்காது.

இதைச் செயலியின் நிரலில் எழுதுவதா, டேட்டாபேஸின் ட்ரிக்கரில் எழுதுவதா என்று நீண்ட விவாதம். செயலியில் எழுதினால் செயலி வழியே போகிறவர் மட்டும் மாட்டுவார். டேட்டாபேஸுக்குள் நேராக நுழையத் தெரிந்தவர், அதாவது அதிகாரம் அதிகம் உள்ளவர், தடம் இல்லாமல் போய்வருவார். கண்காணிப்பு கீழே இருப்பவர் மீது மட்டும் விழும் ஏற்பாடு அது. ஆகவே ட்ரிக்கர். ஆனால் செயலி எல்லோருக்காகவும் ஒரே டேட்டாபேஸ் கணக்கில்தான் உள்ளே போகிறது, ட்ரிக்கருக்கு மனிதர் யார் என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு இணைப்பின் தொடக்கத்திலும் உள்நுழைந்தவரின் எண்ணை ஒரு செஷன் மாறியில் வைக்கச் செய்தோம். அது காலியாக இருந்தால் ட்ரிக்கர் மாற்றத்தையே மறுத்துவிடும்.

ஒரு குழியில் விழுந்தோம், நீங்கள் விழ வேண்டாம். மைஎஸ்கியூஎல்லில் அயல்சாவியை வைத்துத் தானாக நீங்கும்படி அமைத்திருந்தால், அப்படி நீங்கும் வரிகளுக்கு ட்ரிக்கர் இயங்காது. சோதனைக்காக ஒரு வழக்கை நீக்கினோம். வழக்கு நீங்கியது பதிவானது. அதனோடு சேர்ந்து நீங்கிய நிவாரணத் தவணை வரிகள் சத்தமில்லாமல் போயின. தானாக நீங்குவதை எடுத்துவிட்டோம். இப்போது எதையும் உண்மையில் நீக்குவதே இல்லை. ‘விலக்கப்பட்டது’ என்று குறி போடுவதோடு சரி.

லாக் அட்டவணையில் செயலியின் கணக்குக்குத் திருத்தவும் நீக்கவும் அனுமதி கிடையாது. சர்வரை நிர்வகிக்கும் தோழர் நினைத்தால்? அவரையும் கட்ட வேண்டும், அவரே அதைக் கேட்டார். ஒவ்வொரு லாக் வரியிலும் முந்தைய வரியின் ஹாஷ் மதிப்பு சேர்கிறது. நடுவில் ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின்னால் வரும் எல்லாம் பொருந்தாமல் போகும். மொத்தச் சங்கிலியையும் புதிதாக எழுதிவிட்டால் என்ன செய்வது? ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி ஹாஷை லாங்சைஸ் நோட்டில் பேனாவால் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறோம். பழைய நோட்டேதான், பின்பக்கத்தில் இருந்து. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் மின்னணு ஆவணத்தின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிடச் சொல்கிறார்கள். அக்காவை மறுபடி யாரும் தேதி கேட்டு மடக்கும் நாளில் எங்களிடம் ஒரு காகிதமாவது இருக்கும்.

2021-ல் ஏழு சாதிப் பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன அல்லவா? அப்போது எங்கள் டேட்டாபேஸில் பள்ளன், குடும்பன் என்றெல்லாம் இருந்ததை ஒரே கட்டளையில் மாற்றிவிட்டோம். பெயரை மீட்டது போராட்டத்தின் பலன், அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் பழைய எஃப்.ஐ.ஆர்களிலும் சான்றிதழ்களிலும் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. எந்த வழக்கில் எந்தப் பெயர் இருந்தது என்று இப்போது ஒவ்வொரு கோப்பாகப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு ஒரு லாக் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

கடைசியாக ஒரு எதிர்ப்பு. இதை மட்டும் நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. “நாளைக்குப் போலீஸ் வந்து சர்வரைத் தூக்கிட்டுப் போனா, யார் யார் எந்த வழக்குல வேல பார்த்தாங்கன்னு நாமளே எழுதி வச்ச பட்டியல் அவங்க கையில இருக்குமே?” உண்மைதான். அடுத்தது, ஒரு பெண் ‘என் பெயரை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டால், அட்டவணையில் எடுத்துவிடலாம், லாக்கின் ‘பழைய மதிப்பு’ கட்டத்தில் அவர் பெயர் என்றென்றைக்கும் உட்கார்ந்திருக்கும். அழிக்க முடியாத பதிவு எல்லோருக்கும் பாதுகாப்பு அல்ல. ஊரில் அதே தெருவில் வாழ வேண்டிய பெண்ணுக்கு அது கத்தி.

அதனால் லாக்கில் ஆட்களின் பெயர் இல்லை, எண் மட்டும். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் சர்வரிலேயே இல்லை. பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகிய கட்டங்கள் லாக்கில் மறையாக்கம் செய்தே ஏறுகின்றன, ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி. ஒருவர் விலக விரும்பினால் அவருடைய சாவியை அழித்துவிடுவோம். மாற்றம் நடந்தது, யார் செய்தது, எப்போது என்பவை நிற்கும். என்ன பெயர் என்பது யாருக்கும் திறக்காது. பழைய பேக்கப் நகல்களிலும் சாவி இருக்கிறதே என்று ஒரு மாணவி கேட்டார். சரியான கேள்வி. சாவிகளை பேக்கப்பில் இருந்து பிரிக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

லாக்கைப் படிக்கும் உரிமை யாருக்கு என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. குழுவில் யார் வேண்டுமானாலும் தன் எண்ணில் பதிவான எல்லாவற்றையும் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். பாதிக்கப்பட்டவர் தன் வழக்கில் நடந்த ஒவ்வொரு திருத்தத்தையும் அச்செடுத்துத் தரச் சொல்லலாம். அக்காவுக்குத்தான் முதல் அச்சு கொடுத்தோம். அவருக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி வாசித்துக் காட்டினாள்.

அந்த அச்சையே மாதிரியாக வைத்து, வட்டாரத்தில் பெயர் நீக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். நீக்கிய பயனர் குறியீடு, தேதியும் நேரமும், தேர்ந்தெடுத்த காரணம், அதற்கு ஆதாரமான தாள், நீக்கும் முன் இருந்த விவரம் என்று ஐந்தே கேள்விகள். ‘பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால், பராமரிக்க வேண்டாம் என்று முடிவெடுத்த உத்தரவின் நகலைக் கேட்டு அடுத்த மனு. இரண்டையும் நிரப்பிக் கொடுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து ஏறி வரக்கூடிய மாணவர்கள் எங்களுக்கு வேண்டும். ஆளுக்கொரு பயனர் கணக்கு தருவோம்.